நல்லெண்ணத்தின் வழியே நிகழும் விலக்கம்

புனே விமான் நகரின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் ஒரு பணியிடம் காலியானால், விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே அச்செய்தி வாட்ஸ்அப் குழுக்களைச் சென்றடைந்துவிடுகிறது. ஒரே கல்லூரியில் பயின்றோர், ஒரே மொழி பேசுவோர், ஒரே வீட்டின் வாடகையைப் பகிர்ந்துகொள்வோர் ஆகியோருக்கே அது முதலில் தெரியவருகிறது. பரிந்துரைக்கப்பட்டவர் பணியில் சேர்ந்தால் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை வழங்கும் நிறுவனங்களும் பல. இதில் எவரும் எவரையும் வெறுக்கவில்லை. பாகுபாடு குறித்த விவாதங்கள் தடுமாறும் இடமும் இதுவே.

ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளமானது. பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களிடம், க்ளே, காண்டின்ஸ்கி ஆகிய ஓவியர்களுள் எவரை விரும்புகின்றனர் என்பதைக் கொண்டு குழுக்கள் பிரிக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. உண்மையில் பிரிவினை தற்செயலானது. ஆயினும் பிறருக்குச் சிறுதொகையைப் பங்கிடச் சொன்னபோது, முகமறியாத தம் குழுவினருக்கே அவர்கள் கூடுதலாக ஒதுக்கினர். புறக்குழு மீது வெறுப்பின்றியே, அகக்குழு மீதான பற்றினால் மட்டுமே பாகுபாடு விளையக்கூடும் என்று மரிலின் பிரூவர் 1999இல் வாதிட்டார்.

ஓவிய ரசனைக்கே இவ்வளவு வலிமையெனில் சாதிக்கு எவ்வளவு? சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் நாளிதழ் வேலை விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினர். 2007இல் வெளியான முடிவின்படி, உயர்சாதி இந்துப் பெயருக்கான வாய்ப்பு விகிதத்தை 1 எனக் கொண்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. தில்லியில் நடந்து 2009இல் வெளியான மற்றோர் ஆய்வோ, மென்பொருள் பணிகளில் சாதி சார்ந்த குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அழைப்பு மையப் பணிகளில் கண்டது. மென்பொருள் துறையைக் குற்றமற்றதெனக் காட்ட இம்முடிவை எடுத்தாள்வோர் ஒன்றை மறக்கின்றனர்: இவ்வாய்வுகள் சோதிப்பது விண்ணப்பம் நுழையும் வாயிலை மட்டுமே. பரிந்துரை அவ்வாயில் வழியே வருவதில்லை.

மராட்டிய மண்ணில் தமிழருக்கு இக்கதை புதிதன்று. 1960களில் 'மார்மிக்' இதழ், மும்பை அலுவலகங்களில் பணியாற்றிய தென்னிந்தியர்களின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டது. 1966இல் சிவசேனை உருவானது. தென்னிந்தியர்களுக்கு எதிரான வன்முறையை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும், முதலில் சென்ற சுருக்கெழுத்தர் தம்பியையும் மைத்துனரையும் வரவழைத்த கதை தமிழ்க் குடும்பங்களில் பெருமையாகவே சொல்லப்படுகிறது. அந்த அன்பு எவரை உள்ளே கொண்டுவந்தது என்பது நினைவிருக்கிறது. எவரை வெளியே நிறுத்தியது என்பது கேட்கப்படுவதில்லை. தமிழகத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் கல்லூரி சென்று விமான் நகருக்கு வந்த பொறியாளரே, இங்கு 'தகுதி மட்டும் போதும்' என்று பேசுவதும் உண்டு. இது விந்தைதான்.

நிறுவனங்களின் பன்மைத்துவ அறிக்கைகள் பெண்களை எண்ணுகின்றன; மாற்றுத்திறனாளிகளையும் எண்ணுகின்றன. சாதியை எண்ணுவது மிக அரிது. 2010ஆம் ஆண்டுத் தரவின்படி, நாட்டின் முன்னணி 1000 நிறுவனங்களின் இயக்குநர்களுள் 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. இதனைக் கணக்கிட்டவர்கள் ஆய்வாளர்களே, நிறுவனங்கள் அல்ல. சாதியைக் கேட்டால் சாதி வளரும் என்ற அச்சம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதனால் விருப்பத்தின் பேரில், பெயரின்றித் திரட்டுவதே முறை. ஆனால் நேர்காணலில் கேட்கப்படும் 'குடும்பப் பின்னணி' அக்கேள்வியை ஏற்கெனவே வேறு சொற்களில் கேட்டுவிடுகிறது. பணியமர்த்தும் மேலாளர்கள் இப்பின்னணிக்கு அளிக்கும் முக்கியத்துவத்தை சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இலேயே பதிவுசெய்துள்ளனர்.

ஆகவே பயிற்சி வகுப்புகளால் மட்டும் பயன் விளையாது. அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்த கலெவ், டாபின், கெல்லி ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், சார்புநிலைப் பயிற்சி மிகக் குறைந்த பலனையே தந்தது. குறிப்பிட்ட அலுவலரிடமோ குழுவிடமோ பொறுப்பை ஒப்படைத்ததே கூடுதல் மாற்றத்தைக் கொணர்ந்தது. விமான் நகரில் அப்பொறுப்பை ஏற்பவர் செய்யவேண்டிய முதல் வேலைகள் மூன்று: பரிந்துரைவழி நியமனங்களின் பங்கை ஆண்டுதோறும் வெளியிடுவது, காலியிடத்தைப் பொதுவில் அறிவித்த பின்னரே பரிந்துரைகளைப் பெறுவது, தந்தையின் தொழிலைக் கேட்கும் கேள்வியை நேர்காணலிலிருந்து நீக்குவது.