மேதையும் மாசும்

பெரியோர் வரலாற்றைக் குழந்தைகளுக்குக் கூறுகையில் குறைகளை மறைத்துவிடுவது நம் வழக்கம். அது முறைதானா என்று, ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்ட் வாக்னரின் (1813–1883) வாழ்வு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது.

அவருடைய 'ரியென்ட்ஸி' என்னும் இசை நாடகம் 1842-இல் டிரெஸ்டன் நகரில் அரங்கேறப் பரிந்துரை செய்தவர் மயர்பேர் என்ற யூத இசைவாணர். 1849-இல் அந்நகரில் மூண்ட கிளர்ச்சியில் கலந்துகொண்ட வாக்னர், கைதுக்கு அஞ்சி ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து 1850-இல், புனைபெயரில் ஒளிந்துகொண்டு, யூத இசைவாணரை இழித்துக் கட்டுரை எழுதினார். பெயர் சுட்டாமல் மயர்பேரையும் தாக்கினார். 1869-இல் அதனைத் தம் பெயரிலேயே மீண்டும் வெளியிட்டார்.

கடனில் மூழ்கியிருந்தவரை 1864-இல் கைதூக்கிவிட்டவர் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக். பைராய்ட் நகரில் வாக்னர் தம் படைப்புகளுக்கென்றே எழுப்பிய அரங்கில், நான்கு இரவுகள் நிகழும் 'நிபெலுங்கின் மோதிரம்' 1876-இல் முழுமையாக அரங்கேறிற்று. 1882-இல் அவருடைய இறுதிப் படைப்பான 'பார்சிஃபால்' அரங்கேறியபோது அங்கே இசைக்குழுவை நடத்தியவரோ, யூத மதகுருவின் புதல்வர் ஹெர்மன் லெவி!

வாக்னரின் இசையைக் கேட்போம், வியப்போம். ஆயினும் அவ்விசை அவ்வெழுத்துக்குக் கழுவாய் ஆகாது. நம் குழந்தைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்வோம்.