எழுதுகோல் உயர்த்தப்பட்டது பிள்ளைக்கு, நமக்கல்ல



ஜூன் மாதம் பிறந்தால் நம் வீடுகளில் புத்தகப்பை, சீருடை, சேர்க்கைக் கட்டணம் என்பதே பேச்சாகிவிடுகிறது. அதே தெருவில் ஐந்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளையும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையும், ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளையும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. அப்பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் மூன்று பதில்கள் ஆயத்தமாக உள்ளன. “போகப் போகச் சரியாகிவிடும்”, “அல்லாஹ்வின் சோதனை, பொறுமையாக இருங்கள்”, “மறுமையில் அவனுக்குக் கேள்வி கணக்கு இல்லை.” கேட்பதற்கு இதமான இம்மூன்று பதில்களும் அப்பிள்ளையின் உரிமையைப் பறிக்கின்றன என்பதே நம் குற்றச்சாட்டு.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே அந்த வாய்ப்பு. மொழியை வாங்கிக்கொள்ளும் ஆற்றல் மூளையில் ஆரம்ப ஆண்டுகளில்தான் மிகுந்திருக்கிறது என்பதே இவ்வரம்புக்குக் காரணம். பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் இதுவே பொருந்தும். மூன்று வயதில் தொடங்கினால் எளிதாக வருவது, எட்டு வயதில் பெரும்பாடாகிவிடும். “அவன் அத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று சொல்லிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் கணக்கிலிருந்தே கழிகிறது. துஆச் செய்வோம், ஓதிப் பார்ப்போம். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நாம், துஆவை மருத்துவத்துக்கு மாற்றாக்குவது முறையாகாது.

இரண்டாவது பதில் பொறுமை. பொறுமை என்பது கைகட்டி இருப்பதன்று. கடமையைச் செய்துகொண்டே கலங்காதிருப்பது. அந்தத் தாய்க்குப் பொறுமையை உபதேசிக்கும் நாம், சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் நாளில் அவளுடைய மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறோமா? மாறாக, “அக்காளுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும், வெளியே சொல்லாதீர்கள்” என்று அவளுக்கு வாய்ப்பூட்டுப் போடுகிறோம். மறைத்து வைக்கப்படும் பிள்ளை எவர் கண்ணிலும் படுவதில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அங்கன்வாடிக்கே அனுப்பப்படாத பிள்ளையை அவர்கள் எங்கே தேடுவார்கள்?

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள வேண்டி வந்தபோது, அவர் பக்கம் முகம் திருப்பப்படாததைக் கண்டித்தே ‘அபஸ’ என்னும் 80ஆம் அத்தியாயம் அருளப்பட்டது. பின்னர் அவர் பள்ளிவாசலின் முஅத்தின்களில் ஒருவரானார். நபி (ஸல்) அவர்கள் போருக்குச் சென்ற சமயங்களில் மதீனாவில் அவர்களின் பிரதிநிதியாகவும் இருந்தார். இந்த வரலாற்றை பயானில் கேட்டுக் கண் கலங்கும் நாம், நம் மக்தப் மதரஸாவுக்கு அத்தகைய பிள்ளை வந்தால் “மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல்” என்று திருப்பி அனுப்புவது எந்த ஸுன்னத்?

மூன்றாவது பதில்தான் மிகக் கொடியது. அறிவு முதிராதவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற நபிமொழியைக் காட்டி, “அவன் சுவனவாசி, அவனுக்கு எதற்குப் படிப்பு?” என்கிறோம். எழுதுகோல் உயர்த்தப்பட்டது பிள்ளைக்கு. பெற்றோருக்கோ, ஆசிரியருக்கோ, ஜமாஅத்துக்கோ அது உயர்த்தப்படவில்லை. அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைக்குத் தானே உண்ணவும், உடுத்தவும், தன் பெயரைச் சொல்லவும் ஏன் கற்றுத்தரவில்லை என்ற கேள்வி நம்மிடம்தான் கேட்கப்படும்.

நாட்டின் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. தேவையான வசதிகளையும் செய்துதரச் சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளலாம். சமுதாயப் பள்ளிகளை நடத்துவோருக்கும் ஒரு சொல்: 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்களித்தது கல்வி உரிமைச் சட்டத்திலிருந்துதான். அந்த விலக்கைக் காட்டி இப்பிள்ளைகளுக்குக் கதவடைக்க வேண்டாம்.

ஆனால் சட்டம் தானாக வீட்டு வாசலுக்கு வராது. அன்னவாசல் வட்டாரத்தில் சித்தன்னவாசலைப் போன்ற ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்யும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். புதுக்கோட்டை ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவு. பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணமும் சேர்கிறது. நான்கு முறை போனவர்கள் ஐந்தாம் முறை நின்றுவிடுவதற்கு அலட்சியம் காரணமன்று, வறுமையே காரணம். இதற்கன்றி வேறு எதற்கு பைத்துல்மால்?

எனவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பவை இவை. ரமளானில் ஜகாத் பட்டியல் எடுக்கும்போதே, ஒவ்வொரு வீட்டிலும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பேச்சு, செவி, பார்வை, நடை பற்றியும் கேளுங்கள். அடையாள அட்டைக்கும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் பெற்றோரை அழைத்துச் செல்ல ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஏழைக் குடும்பத்தின் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மக்தபில் ஓர் இடத்தை அப்பிள்ளைக்கென வையுங்கள். ஒரு வருடத்தில் அவன் ‘பிஸ்மில்லாஹ்’ மட்டுமே கற்றாலும் அது கல்விதான்.

வீடு வீடாகக் கணக்கெடுப்பது புதுக்கோட்டைக்குப் புதிதன்று. 1991-இல் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் எழுத்தறியாதவர்களைத் தேடிச் சென்றது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களில் இருந்தனர். “இவர்களுக்கு எதற்குப் படிப்பு?” என்ற கேள்வி அன்று அவர்களைப் பற்றியும் கேட்கப்பட்டதுதான். இன்று அதே கேள்வியை நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நாமே கேட்கலாமா?

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லா நிர்வாகியிடம் இதைக் கேளுங்கள்: நம் தெருக்களில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? பதில் தெரியவில்லை என்றால், கணக்கெடுப்பை அன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.