எண்ணெய் அள்ளப் போன கைகளுக்கு யார் பொறுப்பு?

இந்த மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு மேலே போகும் பிரதான வீதியின் வளைவில் டீசல் ஏற்றி வந்த பவுசர் ஒன்று புரண்டது. சாரதியும் உதவியாளரும் உயிர் தப்பினார்கள். ஆனால் தாங்கி கிழிந்துவிட்டது. வீதியோரக் கானில் இறங்கிய டீசல் மதகு வழியாகத் தேயிலை மலைக்குள் ஓடி, அடிவாரத்துச் சதுப்பில் போய்த் தேங்கியது. வெளியாள் கண்ணுக்கு அந்தச் சதுப்பு வெறும் சேற்று நிலம். எங்களுக்கு அதுதான் தண்ணீர். மூன்று லயங்களின் பீலிகளுக்கு அதற்குக் கீழே உள்ள ஊற்றிலிருந்துதான் குழாய் போகிறது.

வீதியைத் துப்புரவு செய்ய ஆட்கள் சீக்கிரமே வந்தார்கள். மணல் போட்டார்கள், வாகனங்கள் ஓடத் தொடங்கின. வீதிக்குக் கீழே இறங்கியவர்கள் நாங்கள்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களை மலையிலிருந்து இறக்கி, வாளியும் பழைய உரச் சாக்கும் கொடுத்து, "சேத்தோட சேத்து அள்ளிப் போடுங்கம்மா, அரை மணித்தியால வேலைதானே" என்றார்கள். கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை. அரை மணித்தியாலம் என்ற வேலை மாலை வரை நீண்டது. "ஐயா, கையெல்லாம் எரியுதுங்க" என்று சொன்ன அக்காவுக்குக் கிடைத்தது ஒரு சவர்க்காரத் துண்டு. சம்பள நாளில் பார்த்தால், கொழுந்து நிறை குறைவு என்று பலருக்கு அரைப் பேர்தான் விழுந்திருந்தது.

அரைப் பேருக்காகச் சங்கம் வாதாடி முழுப் பேர் வாங்கியது. அந்தக் கதை அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. இது மறுபடியும் நடக்கும். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலும், பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளைப் பக்கம் போகும் வீதியிலும் மலையகத்துக்கு வேண்டிய எரிபொருள் பவுசர்களில் வருகிறது. வளைவுக்குக் கீழே தேயிலை, தேயிலைக்குக் கீழே ஓடை, ஓடைக்குப் பக்கத்தில் லயம் என்பதுதான் எங்கள் நிலத்தின் அமைப்பு.

அன்று செய்த வேலையே பாதி பிழையானது என்பதையும் சொல்ல வேண்டும். டீசல் தண்ணீரில் மிதக்கும். ஆகவே முதல் காரியம், அது ஓடிவரும் வழியை மேலேயே, மதகு வாயிலேயே மறிப்பது. மண்மூட்டை அடுக்கி அணை போட்டு, அதற்குள் ஒரு குழாயைச் சரித்து வைக்க வேண்டும். குழாயின் உள்வாய் நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழேயும் வெளிவாய் சற்று உயரத்திலும் இருந்தால், அடித்தண்ணீர் வெளியேறும், எண்ணெய் மேலே நின்றுவிடும். பிறகு மரத்தூளாலோ உறிஞ்சும் பொருளாலோ அதை எடுக்கலாம். வாய்க்கால் வெட்டியும் கல்லணை கட்டியும் பழகிய எங்கள் ஆண்களுக்கு இது ஒரு மணித்தியால வேலை. யாரும் சொல்லித்தரவில்லை. மாறாக, சதுப்புக்குள் ஆட்களை இறக்கி மிதிக்க விட்டதில் மேலே நின்ற எண்ணெய் சேற்றுக்குள் போனது. வீதியைத் தண்ணீரடித்துக் கழுவியபோது மிச்சமும் கானுக்குள் இறங்கியது.

பணமும் இயந்திரமும் உள்ள நாட்டிலும் இதே பிழை நடந்திருக்கிறது. 2010 ஜூலை 25இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊருக்கு அருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய் சதுப்பு நிலத்தில் வெடித்தது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணிகள் அடித்தும் புரிந்துகொள்ளாமல் இரண்டு தடவை மறுபடி எண்ணெயை ஏற்றினார்கள். 17 மணித்தியாலங்களுக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. 843,000 கலன், அதாவது ஏறக்குறைய 32 இலட்சம் லீட்டர், டால்மாட்ஜ் ஓடை வழியாகக் கலமசூ ஆற்றுக்குப் போனது. முதலில் வந்தவர்கள் வெடித்த இடத்துக்கு அருகில் ஓடையை மறிக்காமல் கீழே போய் மிதவைகளைப் போட்டதை அந்நாட்டின் விசாரணைச் சபை பிழை என்றே எழுதியது. சுமார் 320 பேர் எண்ணெயின் தாக்கத்தால் வந்ததாகக் கருதப்படும் நோய்க்குறிகளைச் சொன்னார்கள். அங்கே அந்தக் கணக்கை எடுக்க ஒரு சுகாதாரத் திணைக்களம் வந்தது. எங்கள் அக்காவின் கை எரிச்சல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இங்கே வருவதற்கு யார் இருக்கிறார்கள்? கடலில் எண்ணெய் கொட்டினால் சமுத்திர சூழல் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. 2018 செப்டெம்பரில் முத்துராஜவெல களஞ்சியத்துக்குப் போகும் குழாய் கசிந்து கரையில் எண்ணெய் ஒதுங்கியபோது கடற்படையும் கரையோரப் பாதுகாப்புப் படையும் வந்தன. மலையில் கொட்டினால் பொலிஸார் வீதியைப் பார்ப்பார்கள், தோட்ட நிர்வாகம் தேயிலையைப் பார்க்கும். பிரதேச சபையோ தோட்டம் தன் வேலையில்லை என்று சொல்லிப் பழகிவிட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அப்படிச் சொல்ல ஒரு சாட்டைக் கொடுத்திருந்தது உண்மைதான். ஆனால் 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்யலாம் என்றாகிவிட்டது. நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்களே இதைச் சபையில் எழுப்பாவிட்டால் வேறு யார் எழுப்புவது?

செலவு யாருடையது என்பதிலும் குழப்பம் வேண்டியதில்லை. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்கு உள்ள நியாயம் மலையகத்துப் பீலிக்கும் உண்டு. பவுசர்க்காரரின் காப்புறுதி வீதிக்கும் வாகனத்துக்கும் பதில் சொல்வதானால் ஊற்றுக்கும் பதில் சொல்லட்டும்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்கப் போவதில்லை. பவுசர் புரண்ட செய்தி கேட்டதும் கேன் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் இருந்தார்கள். 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் போகவில்லை, குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹாவல்பூர் மாவட்டத்தில் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த பவுசரிலிருந்து பெற்றோல் அள்ளப் போன ஏழைகள் 200 பேருக்கு மேல் தீயில் மாண்டார்கள். எந்தப் பவுசரில் என்ன இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்துத் தெரியாது. தோட்டத் தலைவர்மார் முதலில் பிள்ளைகளை அப்புறப்படுத்த வேண்டும், அடுப்பு எரியும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்க வேண்டும். பீலியை மூடிவிடவும் மறக்கக்கூடாது.

துப்புரவுக்கு வரமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தண்ணீர், நாங்கள்தான் முதலில் இறங்குவோம். ஆனால் அது உதவி அல்ல, வேலை. எண்ணெய் அள்ளும் நாளுக்கு நிறைக் கணக்குப் பார்க்காமல் முழுப் பேர் வேண்டும். கையுறையும் பூட்ஸும் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் இறக்கக்கூடாது. இறங்கிய ஒவ்வொருவரின் பெயரும் அன்றே எழுதப்பட வேண்டும். நாளைக்கு ஒருவருக்கு நோய் வந்தால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கேட்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. நிர்வாகம் எழுதாவிட்டால் தோட்டக் கமிட்டிச் செயலாளர் ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியைக் காரியாலயத்துக்கு அனுப்பட்டும்.

அன்று அள்ளிய சேற்றை நாற்பதுக்கு மேற்பட்ட உரச் சாக்குகளில் கட்டி தொழிற்சாலைக்குப் பின்னால் அடுக்கினார்கள். யாரும் வந்து எடுக்கவில்லை. சாக்குகள் வெயிலில் பிய்ந்து, அடுத்த மழைக்கு ஊறத் தொடங்கிவிட்டன. அந்த இடத்திலிருந்து ஓடும் கானும் அதே சதுப்புக்குத்தான் போகிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்டக் காரியாலயத்துக்குச் சங்கம் கடிதம் எழுதியிருக்கிறது. ஊற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும்படியும் கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை மூன்று லயத்துப் பெண்களும் மேல் பிரிவுப் பீலிக்கு நடந்து போய்த்தான் தண்ணீர் எடுக்கிறார்கள்.