அழுகையும் ஆரவாரமும்

தியானப் பகுதி: எஸ்றா 3:10–13



வாலிபர் கூடுகை முடிந்த ஒரு மாலையில், எங்கள் கோவில்பத்துச் சபையின் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பாடலை ஒலிக்கவிட்டு, "ஐயா, இதைக் கேட்பது பாவமா?" என்று வினவினார். பெங்களூரைச் சேர்ந்த 'அகம்' குழுவினரின் முதல் இசைத்தொகுப்பான 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்' என்பதில் உள்ள தில்லானா அது. 2012இல் வெளிவந்த அத்தொகுப்பு, கர்நாடக இராகங்களைப் புரோகிரஸிவ் ராக் என்னும் மேற்கத்திய இசையோடு இணைத்தது. சுவாதித் திருநாள் இயற்றிய தனஸ்ரீ தில்லானாவை அதில் மின் கித்தாரும் டிரம்ஸும் சூழ்ந்து நிற்கின்றன.

இத்தகைய முயற்சிக்குக் கிடைத்த வரவேற்பு இருவகைப்பட்டது. இளைஞர் ஆர்ப்பரித்தனர். மரபில் ஊறிய செவிகளோ, இராகத்தின் அமைதி கலைந்துபோயிற்றென வருந்தின.

இவ்விரு குரல்களையும் வேதம் முன்னமே அறிந்திருக்கிறது. சிறையிருப்பினின்று திரும்பியவர்கள் ஆலயத்திற்கு அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரக்க அழுதனர். மற்றவர்கள் மகிழ்ச்சியால் முழங்கினர். அழுகை எது, ஆரவாரம் எது என்று பகுத்தறிய ஒருவராலும் இயலவில்லை. இருசாராரில் எவரையும் எஸ்றாவின் ஆகமம் கடிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே அஸ்திபாரத்தின் முன்னே நின்றே இருவரும் குரல் எழுப்பினர்.

நம் சபைகளில் நிகழ்வதும் இதுவன்றோ? கீர்த்தனை வேண்டும் என்பார் சிலர். கித்தார் வேண்டும் என்பார் சிலர். நமக்கு வடக்கே, அருகிலேயே இருக்கும் தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு கரையிறங்கினார். அந்த மிஷனரிகளின் வழியாக வந்த ஜெர்மானிய மெட்டுகள் தமிழ்ச் செவிக்கு அந்நியமானவையே. பின்னர், தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நம் இராகங்களில் கிறிஸ்துவைப் பாடினார். இன்று 'பழைய பாடல்' என்று நாம் காக்க விழைவது, ஒரு காலத்தில் புதிய பாடலாகவே சபைக்குள் நுழைந்தது.

ஆகையால் என் கருத்து இதுவே. புதிய ஓசையை, அது புதியது என்பதற்காக மட்டும் தள்ளுவது தகாது. ஆனால் முதியோரின் வருத்தத்தில் ஒரு நியாயம் உண்டு: முழக்கத்தில் வசனம் மூழ்கிப்போனால் அங்கே பக்திவிருத்தி ஏது? கொரிந்து சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதியபோதும், கேட்பவனுக்குப் பொருள் விளங்குகிறதா என்பதே அவருடைய கவலை.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு சொல். அகம் குழுவினர் பலர் அலுவலகப் பணியோடு இசையைப் பேணியவர்கள். பழைய தில்லானாவைக் கற்ற பின்னரே அதைப் புதிதாக்கத் துணிந்தனர். கல்லாமல் மாற்றுவது துணிவன்று, சோம்பல். எனவே எங்கள் சபையில் கித்தாருக்கு இடமளித்துள்ளோம். அதை வாசிப்போர் மாதம் ஒரு கீர்த்தனையை முதியோரிடம் அமர்ந்து கற்றாக வேண்டும். முதியோரும் அவர்கள் வாசிப்பதை இறுதிவரை இருந்து கேட்க வேண்டும்.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன மறுமொழி: "தம்பி, ஓசையில் பாவமில்லை. அவர்களுடைய பக்தி வேறு, நம் விசுவாசம் வேறு; ஆயினும் அவர்களுடைய உழைப்பை மதிக்கலாம். தொகுப்பின் பெயர் உள்ளான மனிதனின் விழிப்பைப் பேசுகிறது. நம் விசுவாசத்தின்படி, அவன் தானாக விழிப்பதில்லை; தன்னை அழைக்கும் ஆண்டவரின் சத்தம் கேட்டே விழிக்கிறான். நீ கேட்கும் இசை அந்தச் சத்தத்தை மறைக்கிறதா என்று மட்டும் உன்னையே சோதித்துப் பார்."

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் அழுகையையும் ஆரவாரத்தையும் ஒரே துதியாக ஏற்றருளும். ஒருவர் பாடலை ஒருவர் பொறுமையோடு கேட்கும் செவியைத் தாரும். ஆமென்.