கட்டிலுக்கு எதிரே எந்தப் படம்?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளருக்காகக் குடும்பத்தினர் அறையைப் புதுப்பிக்கிறார்கள். புதிய மெத்தை, புதிய திரைச்சீலை, சுவருக்குச் சட்டமிட்ட ஓர் ஓவியப் பிரதி. அன்பினால் செய்யப்படுவதே அது. ஆயினும் ஓவியம் வாங்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து: அதன் எதிரே நாள் முழுவதும் படுத்திருக்கப் போகிறவர் யார்?

மறதிநோய்க்காக என்னிடம் சிகிச்சை பெறும் முதியவர் ஒருவரின் மகன், எஸ்.எச். ரசாவின் 'பிந்து' வரிசை ஓவியம் ஒன்றின் பிரதியைத் தந்தையின் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். நடுவில் பெரிய கரிய வட்டம். அந்த வாரமே முதியவர் இரவில் எழுந்து, "கிணத்தை மூடுங்க, குழந்தை விழுந்துடும்" என்று அலறத் தொடங்கினார். மாத்திரையைக் கூட்டித் தருமாறு குடும்பத்தினர் கேட்டனர். அறையில் புதிதாக என்ன வந்தது என்று நான் கேட்டேன். மாத்திரையைக் கூட்டவில்லை; படத்தை இடம் மாற்றச் சொன்னேன். அலறல் நின்றது.

1922இல் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த ரசா, பாடத்தில் மனம் ஒன்றாத சிறுவனாக இருந்தபோது, ஆசிரியர் பள்ளிச் சுவரில் ஒரு புள்ளியை வரைந்து அதையே நோக்கச் சொன்னாராம். அந்தப் புள்ளியே பின்னாளில் அவருடைய ஓவியங்களின் மையமாயிற்று. ஒரு சிறுவனை அமைதிப்படுத்திய வட்டம் ஒரு முதியவரை அச்சுறுத்தியது. பிழை ஓவியத்திலும் இல்லை, மகனிடத்திலும் இல்லை. அரூப ஓவியம் தன் பொருளைத் தானே சொல்வதில்லை. பார்ப்பவர் மனமே அதை நிரப்புகிறது. அஞ்சிய மனம் அச்சத்தையே இட்டு நிரப்பும்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம் ரோஜர் உல்ரிச் குழுவினர் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. நீரும் மரங்களும் உள்ள காட்சியைக் கண்டோரிடம் பதற்றம் குறைந்திருந்தது. நேர்கோட்டு வடிவங்களாலான அரூபப் படத்தைக் கண்டோரிடம், படமே இல்லாதவர்களைக் காட்டிலும் பதற்றம் மிகுந்திருந்தது.

அரூப ஓவியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடத்தில் மாட்டி மகிழுங்கள். நோயாளரின் அறைக்கெனில், வாங்குமுன் படத்தைக் கைப்பேசியில் அவருக்குக் காட்டுங்கள். பேச இயலாதவரானாலும் முகம் பேசும். ஆணி அடிக்குமுன் ஓரிரு இரவுகள் மேசைமேல் சாய்த்து வைத்துப் பாருங்கள். சட்டத்தின் கண்ணாடியில் இரவு விளக்கு எதிரொளித்துப் புதிய உருவங்களைக் காட்டலாம்; ஒளி தெறிக்காத அக்ரிலிக் தகடு நல்லது, எடையும் குறைவு. கனமான சட்டத்தைத் தலைமாட்டுக்கு மேல் மாட்டாதீர்கள்.

ரசாவின் வட்டம் இப்போது அந்த வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கட்டிலுக்கு எதிரே முதியவர் தாமே தேர்ந்தெடுத்த பழைய நாட்காட்டிப் படம்: தென்னைகள் சூழ்ந்த ஓர் ஆற்றங்கரை. மகனுக்கு அது அழகாகத் தோன்றவில்லை. ஆனால் தந்தை உறங்குகிறார்.