மூணு அடி மண்ணு என்ன வெல?

எங்க பெரம்பலூர் பக்கம் இப்ப செங்கல் சூளைக்கு மேல்மண் விக்கிறது கூடிக்கிட்டே போகுது. ஜேசிபி வருது, மூணு அடி ஆழத்துக்கு வழிச்சு எடுக்குது, டிப்பர்ல ஏத்திட்டுப் போயிடுறாங்க. "கீழயும் மண்ணுதானே இருக்கு, வெள்ளாமை வராமலா போயிடும்?"னு கேக்குறாங்க. என்கிட்டயும் ஒரு தரகர் வந்து கேட்டார். முடியாதுன்னு சொல்லிட்டேன். காரணத்தை இங்க எழுதுறேன்.

நம்ம மண்ணோட வயசு என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். சாத்தனூர்ல கல்லா மாறின மரம் கிடக்கு, 18 மீட்டர் நீளம். 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன் என்கிற புவியியல் விஞ்ஞானி அதைப் பத்தி வெளியில சொன்னார். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தின மரம். அப்போ நம்ம நாடு பழைய பெரிய கண்டத்துல இருந்து பிரிஞ்சு நகர்ந்துச்சு. கிழக்கு ஓரம் தாழ்ந்து கடல் உள்ள வந்துச்சு. ஆத்து வெள்ளம் அடிச்சுட்டு வந்த மரம் கடல் சேத்துல புதைஞ்சு கல்லாச்சு. அரியலூர் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் போட்டதுதான். இன்னைக்கு கடல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம்.

கடல் போன பிறகு வேலை பாத்தது வெயிலும் மழையும்தான். வெயில்ல பாறை விரியும், ராத்திரி சுருங்கும், விரிசல் விடும். அதுக்குள்ள தண்ணி இறங்கும், வேர் இறங்கும். அப்படி உதிர்ந்து, இலை தழை மக்கி, புழு பூச்சி சேர்ந்துதான் மண்ணு. 2, 3 சென்டிமீட்டர் மண் உண்டாக 1,000 வருஷம் வரைக்கும் ஆகலாம்னு சொல்றாங்க. மூணு அடின்னா 90 சென்டிமீட்டர். நீங்களே கணக்குப் போடுங்க, 30,000 வருஷம் கூட ஆகலாம். அதை ஒரு வாரத்துல லாரியில ஏத்திடுறோம். அடியில மிச்சம் இருக்கறது சுக்கானும் சத்தில்லாத மண்ணும். எத்தனை மூட்டை உரம் போட்டாலும் பழைய வெளச்சல் திரும்பாது.

"என் நிலம், நான் விக்கிறேன், உனக்கென்ன?"னு கேக்கலாம். காரைக்குப் போய்ப் பாருங்க. களிமண் பூமி, மேல புல்லு பூண்டு சரியா இல்ல. மழைத்தண்ணி அறுத்து அறுத்து பெரிய பெரிய ஓடையா கிடக்கு. ஓடை ஒரு இடத்துல நிக்காது. தண்ணி விழுற கரை இடியும், ஓடை மேட்டைப் பாத்து ஏறும். பக்கத்து வயல் மூணு அடி பள்ளமானா நம்ம வயல்லயும் அதேதான். முதல் மழையில வரப்பு சரியும், அடுத்த மழையில நம்ம மேல்மண்ணும் அந்தப் பள்ளத்துக்குப் போகும். வித்தவருக்குக் காசு வந்துச்சு, பக்கத்துக்காரனுக்கு என்ன வந்துச்சு?

விக்கிறவங்களை நான் திட்டலை. பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி செலவுன்னு எல்லாருக்கும் நெருக்கடி இருக்கு. ஆனா ஒரு தடவை வர்ற காசுக்கு, பேரன் காலம் வரைக்கும் சோறு போடுற மண்ணைக் குடுக்கக்கூடாது என்பது என் கருத்து.

செய்ய வேண்டியது ரெண்டு. மழை அடிச்சுட்டுப் போன நம்ம மண்ணு ஏரியிலதான் வண்டலா படுத்திருக்கு. அனுமதி வாங்கி அதை வயலுக்குத் திருப்பிக் கொண்டாரணும். ஏரியும் ஆழமாகும். ரெண்டாவது, பட்டா நிலத்துல மண்ணு எடுத்தா பக்கத்து வரப்புல இருந்து எவ்வளவு தள்ளி எடுக்கணும், எவ்வளவு ஆழம் எடுக்கலாம்னு அடுத்த கிராம சபையில கேக்கணும். நான் கேக்கப் போறேன். கூட நாலு பேர் எந்திரிச்சு நின்னா நல்லாருக்கும்.