நெஞ்சில் நீர் கோத்தால்: சளியில் கிருமி இல்லை என்றதும் நிம்மதியா?

கோப்பெங்கிலிருந்து பத்துகாஜா போகிற பாதையில் கெல்லி கோட்டை இருக்கிறது. அதன் பக்கத்தில் மாரியம்மன் கோயில் வந்த கதை பழையவர்களுக்குத் தெரியும். ஸ்பானிஷ் காய்ச்சலில் கோட்டை கட்டிய நம்மாட்கள் பலர் மடிந்துபோக, மிஞ்சியவர்கள் துரையிடம் கேட்டு வாங்கிய கோயில் அது. அந்தக் காய்ச்சல் சில நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். நாம் இன்று பேச வந்ததோ ஒளிந்திருந்து மாதக்கணக்கில் அரிக்கிற காசநோய்.

நம் நாட்டில் 2021ல் 21,727 பேருக்குக் காசநோய் கண்டது. 2022ல் அது 25,391 ஆகிவிட்டது. கோவிட் காலத்தில் கிளினிக் பக்கமே போகாமல் இருந்தவர்கள் பிறகு வந்ததும் ஒரு காரணம் என்று நமக்குப் படுகிறது.

காசம் என்றால் இருமல், சளி, ரத்தம் என்றுதான் நாம் நினைக்கிறோம். எல்லாருக்கும் அப்படி வராது. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. கிருமி அங்கே புகுந்தால் இடையில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் குத்தும், சாயங்காலமானால் காய்ச்சல், வறட்டு இருமல், மரத்துக்கு மரம் நடந்தாலே இளைப்பு. “வெயில்ல நின்னதுதான், வாய்வு புடிச்சிருக்கு” என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

சளியைச் சோதித்தால் பலருக்குக் கிருமி தெரிவதில்லை. ஊசி போட்டு நெஞ்சு நீரை எடுத்து நேராகப் பார்த்தாலும், நூற்றில் பத்துப் பேருக்குக்கூடக் கிருமி கண்ணில் படாது. நீரில் கிருமி அவ்வளவு குறைவு. “ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்க” என்று வீடு திரும்புகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார். சில வாரத்தில் நீர் தானாகவே வற்றியும் போகலாம். வற்றினால் நோய் போய்விட்டதா? நெஞ்சில் இப்படி நீர் கோத்த அமெரிக்கப் படையினர் 141 பேரைப் பற்றி 1955ல் ஓர் ஆய்வு வந்தது. மருந்தில்லாமல் விடப்பட்ட அவர்களில் 65 விழுக்காட்டினருக்குப் பின்னால் காசம் வெளிப்பட்டது.

இந்த இடத்தில்தான் தோராக்கோஸ்கோப்பி என்ற சோதனை உதவுகிறது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். வலி தெரியாமல் மரக்க வைத்து, தூக்க மருந்தும் கொஞ்சம் கொடுத்து, விலா எலும்புகளுக்கு நடுவே சின்னதாக ஒரு துளை போடுவார்கள். அதன் வழியே விளக்கும் காமிராவும் உள்ள குழாயை விட்டு நீரை உறிஞ்சிவிட்டு, சவ்வைக் கண்ணாலேயே பார்ப்பார்கள். காசமென்றால் பெரும்பாலும் ஜவ்வரிசி தூவினாற்போல வெள்ளைப் பொரிகள் இருக்கும். அதில் கொஞ்சம் கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவார்கள். பிறகு ஒன்றிரண்டு நாள் நெஞ்சில் குழாயோடு படுத்திருக்க வேண்டியிருக்கும். “நெஞ்சைப் பொளந்துடுவாங்க” என்பது வீண் பயம்.

1910ல் சுவீடன் மருத்துவர் யாக்கோபியஸ் எழுதி வெளியிட்ட முறை இது. பிறகு காசநோய் வைத்தியத்துக்கே அது பெரிதும் பயன்பட்டது. 2003ல் வந்த தென்னாப்பிரிக்க ஆய்வொன்றில், வெறும் ஊசியால் சவ்வைக் கிள்ளியபோது காசநோயாளிகளில் நூற்றுக்கு 79 பேரிடம்தான் நோய் பிடிபட்டது. காமிராவோ ஒருவரையும் தவறவிடவில்லை.

அதற்காக எல்லாருக்கும் இது வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நெஞ்சு நீரில் ஏ.டி.ஏ. என்ற அளவு கூடியிருந்து மற்ற அறிகுறிகளும் ஒத்துவந்தால், டாக்டர் அதை வைத்தே மருந்து தொடங்கலாம். முடிவு தெரியாதவர்களுக்கும், முக்கியமாக நாற்பது வருஷம் சுருட்டும் சிகரெட்டும் குடித்த பெரியவர்களுக்கும் இந்தச் சோதனை அவசியம். புற்றுநோயிலும் இதே மாதிரிதான் நீர் கோக்கும். வைத்தியமோ முற்றிலும் வேறு.

காசமென்று தெரிந்தால் வழக்கமாக ஆறு மாத மருந்து. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் மதராஸில் 1956ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம்தான்.

நம்மாட்களுக்கு நோயைவிடப் பெரிய பயம் நாள் சம்பளம். கோப்பெங்கிலிருந்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தாலே ஒரு பேர் போய்விடும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இதில் தகராறு வருகிறது. “நீ என் ஆளே இல்லை” என்று கைகழுவப் பார்ப்பார். சம்பளச் சீட்டையும் எம்.சி. தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். தொழிலாளர் இலாகாவில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.